நூற்று இருபத்திரண்டு கிலோ

சந்தோஷமாக இருப்பதென்று தராசுக்காரர் முடிவு செய்த ஒரே வாரத்தில் அவருடைய எடை ஏழு கிலோ குறைந்தது. சாப்பாட்டைக் குறைக்கவில்லை, நோய்நொடி இல்லை, இடுப்பு பெல்ட்டில் ஓட்டைகூட மாறவில்லை. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு, கல்யாணமாகி ஐந்து மாதம். மூன்று வாரத்துக்கு முன்புதான் ஒரே தம்பி காய்ச்சலில் போயிருந்தான். இருபது நாள் அழுதவர், இருபத்தோராம் நாள் காலை முகத்தைத் துடைத்துக்கொண்டே மனைவியிடம், "அழுது என்ன ஆகப்போகுது? இனிமே நான் சந்தோஷமா இருக்கப்போறேன்" என்றார். டீ வேண்டாம், தண்ணீர் போதும் என்பதுபோலத்தான் சொன்னார். சொன்னபடியே இருக்கவும் செய்தார்.

எடை குறைந்தது அவருக்கு உடனே தெரியாமல் போனதற்கு அவருடைய தொழில்முறைதான் காரணம். கடைகளிலும் குடோன்களிலும் உள்ள தராசுகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. அதற்கு முத்திரை குத்திய இரும்பு எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அவருக்கோ அதில் மகா சோம்பல். பதினெட்டு வயதிலிருந்து அறுபத்தெட்டு கிலோவுக்கு ஒரு கிராம் கூடாமல் குறையாமல் நின்ற உடம்பு அது. அதையே எடைக்கல்லாக வைத்துக்கொண்டார். தராசில் ஏறி நிற்பார். முள் அறுபத்தெட்டில் நின்றால் தராசு யோக்கியம், இல்லாவிட்டால் திருகாணியைத் திருகி யோக்கியமாக்கிவிடுவார். அந்த மாதம் எதில் ஏறினாலும் அறுபத்தொன்று காட்டியது. ஊரிலுள்ள தராசெல்லாம் பேசிவைத்துக்கொண்டு கெட்டுப்போனதை எண்ணி வியந்தபடி, ஒன்று விடாமல் அறுபத்தெட்டுக்குத் திருகிவைத்தார். ஊரே பத்தில் ஒரு பங்கு பருத்தது. மருந்துக்கடைக்காரர் ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். பிறந்து மூன்று நாளான பிள்ளைகளைக் கொழுகொழுவென்று இருப்பதாகச் சொல்லிக் கண்ணு வைத்தார்கள். ஐம்பது கிலோ என்று அச்சடித்த சிமெண்ட் மூட்டைகள் வந்து இறங்கி, ஒவ்வொன்றும் ஐம்பத்தாறு காட்டியபோதுதான் குட்டு உடைந்தது. எந்தக் கம்பெனியாவது ஆறு கிலோ சிமெண்டைச் சும்மா கொடுக்குமா?

தராசுக்காரர் முனகிக்கொண்டே கற்களைத் தூக்கிப் போய் எல்லாவற்றையும் திரும்பச் சரிசெய்தார். கடைசித் தராசில் தானும் ஏறிப் பார்த்தார். அறுபது. கோளாறு தன்னிடம்தான் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள், அது கோளாறே இல்லை என்று முடிவுக்கு வந்துவிட்டார். மனசு லேசானால் உடம்பும் லேசாகிறது, இதில் என்ன அதிசயம்? இரண்டாம் வருஷம் நாற்பத்தைந்து, நாலாம் வருஷம் முப்பது. மாடிப்படியில் ஏறினால் சத்தமே வராது. காற்றடிக்கும் நாட்களில் சட்டைப் பைக்கு ஒன்றாக இரண்டு ஐந்து கிலோ கற்களைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். தொழிலுக்கு எடுத்துப்போகச் சோம்பல்பட்ட அதே கற்கள்தான். ஊர்பட்ட ஜனம் யோசனை கேட்டு வந்தது. எல்லாருக்கும் ஒரே பதில்: "மனசு வெச்சா போதும். சந்தோஷம் அவங்கவங்க கையிலதான் இருக்கு." வந்தவர்கள் வீட்டுக்குப் போய் மனசு வைத்துப் பார்த்தார்கள், யாருக்கும் ஒரு கிராம்கூட இறங்கவில்லை. அதற்காக அவரை வேஷக்காரர் என்று சொல்ல முடியாது. அந்த மனுஷன் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார். குழந்தைகளுக்கு அவரைப் பிடிக்கும், நாய்களுக்கும் பிடிக்கும்.

மனைவி ஒரு சட்டைக் கம்பெனியில் மாடியில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். நூல் அறாமல், பிசிறு தட்டாமல், ஒரு நாளைக்கு முந்நூறு பொத்தான் துளை. அந்தத் தளத்தில் அவள் கைக்கு மிஞ்சின கை கிடையாது. அவளுக்கு எடை ஏறிக்கொண்டிருந்தது. உடம்பு பெருக்கவில்லை, கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை அப்படியே பொருந்தியது, கனம் மட்டும் கூடியது. முதலில் நாற்காலி உடைந்தது. பிறகு காயாத சிமெண்ட் தரையில் அவள் காலடி கணுக்கால் ஆழத்துக்குப் பதிந்தது. அதிக எடை காட்டுகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களிடமெல்லாம் 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நையாண்டி செய்கிற தராசுக்காரர், மனைவி ஏறி நின்றபோது மட்டும் தராசையே ஏழு முறை பிரித்து மாட்டினார். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து, ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்குங்கள் என்றார். ஐந்தாம் வருஷம் அவளுடைய தையல் மெஷினுக்குக் கீழே தளத்தில் ஒரு விரிசல் ஓடியது. மேனேஜர் ரொம்ப மரியாதையாக, கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வெடுங்களேன் என்றார். அன்று அவள் கத்தரிக்கோலைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்கு நடந்துவர ஒரு மணி நேரம் ஆனது. தராசுக்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அன்பாகத்தான், "நீ மனசே வைக்க மாட்டேங்கற" என்றார். அவளும் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தாள். அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இதை எழுதும்போது எனக்குத்தான் வருகிறது.

ஆறாம் வருஷம் ஒரு பஞ்சு குடோனில் பெரிய மேடைத் தராசைச் சரிசெய்கிற வேலை வந்தது. ஒரு நேரத்துக்கு ஒரு பாரம் என்பது அந்தத் தொழிலில் பால பாடம். அதனாலேயே புருஷனும் பெண்சாதியும் அதுவரை ஒரே தராசில் சேர்ந்து நின்றதில்லை. மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவோடு மெல்ல நடந்து வந்தாள். தராசுக்காரர் மேடைக்கு நடுவே திருப்புளியும் கையுமாக நின்றிருந்ததால், டப்பாவைக் கொடுக்க அவளும் மேலே ஏறினாள். முள் போய் நூற்று இருபத்திரண்டில் நின்றது. அவர் டப்பாவைக் கீழே வைக்கச் சொன்னார். முள் இம்மியும் அசையவில்லை. அந்த ராட்சதத் தராசுக்கு டப்பாவெல்லாம் ஒரு பொருட்டா? அவளை இறங்கச் சொல்லிப் பார்த்தார், இருபத்தாறு. தான் இறங்கி அவளை மட்டும் நிறுத்தினார், தொண்ணூற்றாறு. எண்ணை மறக்கிற ஆளா அவர்? கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஒருவர் பின் ஒருவராக ஏறி நின்றபோது அவர் அறுபத்தெட்டு, அவள் ஐம்பத்து நாலு. அதுவும் நூற்று இருபத்திரண்டு. மனக்கணக்கு முடிந்ததும் அவர் முகம் செத்துப்போனது. மறுபடி மேலே ஏறி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ என்னத்த சுமந்துக்கிட்டு இருக்க?"

"உங்க தம்பிய" என்றாள்.

அந்தக் கொழுந்தனோடு அவள் பழகியது நாலே மாதம். ஆனால் ஏழு வயதில் அவன் மதிலிலிருந்து விழுந்து பல் உடைந்தது, பழியை அண்ணன் ஏற்றுக்கொண்டு அடிவாங்கியது, தூக்கத்தில் அவன் விரலை மடக்கி எண்ணுவது எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லாமலே, ஒவ்வொன்றாக, காஜா எடுக்கும்போது வந்து சேர்ந்தன. "காய்ச்சல் வந்த அன்னிக்கு ஃபோன் பண்ணி, 'அண்ணா, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்'னு கேட்டாரு. நீங்க, 'வேலை இருக்குடா, நாளைக்கு வரேன்'னு சொன்னீங்க. தினமும் பதினோரு மணிக்கு அது எனக்குக் கேக்குது." அந்த ஃபோன் விஷயத்தைத் தராசுக்காரர் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆறு வருஷமாகத் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க. அதப் பாக்க எனக்குப் பிடிச்சிருந்தது."

அவர் அந்த மேடையிலேயே உட்கார்ந்து அழுதார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பியைப் பற்றி நினைவுக்கு வந்ததையெல்லாம் சொன்னாள். குடோன் ஆட்கள் பஞ்சு மூட்டைகளை ஓரம் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். மூன்று மணி நேரமும் முள் நூற்று இருபத்திரண்டை விட்டு நகரவில்லை. ஆனால் தனித்தனியாக ஏறிப் பார்த்தபோது அவர் முப்பத்தைந்து, அவள் எண்பத்தேழு. அன்று வீட்டுக்குப் போகும்போது அவருடைய செருப்புச் சத்தம் தெருவில் கேட்டது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம், வாரம் ஒரு நாள் அவள் சொல்ல அவர் கேட்டார். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது, தம்பி கொஞ்சம் சேட்டைக்காரன்தானே. எடை பழைய இடத்துக்கு வந்தது. கம்பெனி அவளைத் திரும்பக் கூப்பிட்டு, தளத்துக்குப் புதிதாகப் பூச்சும் பூசியது. அவரிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் அப்போதும் உண்டு. "தாராளமா சந்தோஷமா இருங்க. வீட்டுல யாராவது கனத்துப்போறாங்களான்னு மட்டும் பாத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "நாளைக்கு நான் சந்தோஷமா இருக்கலாம்னு இருக்கேன். ஒரு நாள் நீங்க பாத்துக்கறீங்களா?" அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். மறுநாள் வந்திருந்த இரண்டு வேலைகளையும் தள்ளிப்போட்டார். வீட்டிலிருக்கும் நாற்காலிகளை நம்ப முடியாது என்று பூங்காவுக்குப் போய், சிமெண்ட் பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தார். அவள் தலையைப் பின்னிக்கொண்டு, வாடகை சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆற்றுப் பக்கம் போனாள். பத்து மணிக்கு அவர் மடி கனக்கத் தொடங்கியது. அவள் சின்ன வயதில் நனைந்து கூழாகிப்போன ஒரு பரீட்சை நோட்டு வந்தது, அவளுடைய அப்பா பேசாமல் இருந்த ஒரு முழு மாதம் வந்தது. நண்பகலில் வந்ததை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. ஆறு வருஷமும் ஒவ்வொரு சாயங்காலமும், கம்பெனியிலிருந்தோ கடையிலிருந்தோ வந்து, அவள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நின்று, தான் இளைப்பது அவருக்குக் கேட்காதபடி வாயைப் பொத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, முகத்தைத் துடைத்து, ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு ஏறி வந்திருக்கிறாள். இரண்டாயிரம் சாயங்காலம் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு அவள் கன்னம் சிவக்க, சைக்கிளை ஒற்றை விரலால் தூக்கிக்கொண்டு வந்தாள். ரொம்பக் கனமா இருந்துச்சா என்று கேட்டாள்.

"சேச்சே, ஒண்ணுமே தெரியல. நாளைக்கும் போறதுன்னா போயிட்டு வா" என்றார்.

பெஞ்சின் கால்கள் முழங்கால் உயரத்துக்கு மண்ணில் இறங்கியிருந்தன. அவள் அதைப் பார்த்தாள். சைக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டு, அவர் எழுந்திருக்க இரண்டு கையையும் கொடுத்தாள்.