கறார் அக்கா கொடுத்த மதியம்

துறைமுகக் கோபுரத்தின் மூன்றாவது மாடியில் ரேடியோ அறை. அங்கே உட்கார்ந்து படகுகளோடு பேசுவது என் வேலை. நாலாவது மாடியில் வானிலை அறை. அது என் கணவரின் அக்காவுடைய ராஜ்ஜியம். கீழே கட்டியிருக்கும் படகுகளில் நீல நிறப் படகின் கேப்டன் என் கணவர். “குடும்பத்தோட கோபுரத்தைக் குத்தகைக்கு எடுத்துட்டீங்களா?” என்று வாசல் காவலாளி வாரம் ஒருமுறையாவது கேட்பார்.

நாத்தனார் என்றால் நெருஞ்சி முள் என்று என் தோழிகள் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு வாய்த்தவரைப் பற்றி நான் பெருமை பேச ஆரம்பித்தால் அந்தத் தோழிகளே கொட்டாவி விடுவார்கள். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். படகுக்காரர்கள் வைத்த பெயர் கறார் அக்கா. அலை எவ்வளவு, காற்று எப்படி என்று கேட்டால் நறுக்குத் தெறித்தாற்போல் பதில் வரும். தெரியாவிட்டால் அதையும் அதே குரலில் சொல்வார். ஒருமுறை ஒரு கேப்டன் எரிச்சலில், “இத்தனை வருஷம் படிச்சுட்டுத் தெரியலைங்கறீங்களே?” என்று கேட்டார். “எது தெரியலைன்னு தெரிஞ்சுக்கத்தான் அத்தனை வருஷம் ஆச்சு” என்றார் அண்ணி.

அந்தப் பருவத்தில் கடல் ஏகத்துக்குச் சூடாகிக் கிடந்தது. படகோரமாகக் குனிந்து கையை விட்டால், குளிக்க விளாவி வைத்த வெந்நீர் மாதிரி இருந்தது. கரையில் மேகம் மதியத்துக்குமேல் திரளும். நடுக்கடலில் கதை தலைகீழ் என்று அண்ணி எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்த வெதுவெதுப்பின்மேல் மேகங்கள் விடிவதற்கு முன்னால்தான் கொதித்து எழும்பும். விடிந்தபிறகு கொஞ்ச நேரம் ஆட்டம் போட்டுவிட்டு, உச்சி வெயிலில் களைத்துப்போகும்.

அன்று காலையும் அப்படித்தான், கடல்மேல் இடியும் மின்னலுமாக இருந்தது. அப்போது எரிவாயு மேடையிலிருந்து அழைப்பு வந்தது. கரையிலிருந்து படகில் மூன்று மணி நேரத் தொலைவில், கடலுக்கு நடுவே இரும்புக் கால்களில் நிற்கும் மேடை அது. அங்கே சமையல்காரருக்கு முந்தின நாளிலிருந்து வயிற்றுவலி. குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலை, இன்றைக்கே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார் மேடையின் மருத்துவர். ஹெலிகாப்டரை அந்த மேகத்துக்குள் கொண்டுபோக விமானி ஒப்புக்கொள்ளவில்லை. மிச்சமிருந்தது படகு ஒன்றுதான்.

படகு போவது பெரிய விஷயமில்லை. மேடையின் கிரேன் ஒரு கூடையில் ஆளை வைத்துப் படகின் தளத்தில் இறக்க வேண்டும். படகு ஓர் ஆள் உயரத்துக்குமேல் ஏறி இறங்கினால், இறங்குகிற கூடையைத் தளமே எழுந்து வந்து அடித்து நொறுக்கிவிடும். அப்போது அங்கே அலை இரண்டு ஆள் உயரம்.

அண்ணி படியிறங்கி என் அறைக்கே வந்தார். மேடையின் மேனேஜர் தொலைபேசியில் காத்திருந்தார்.

“காலைல அடிச்ச காத்து கிளப்பின அலை மதியத்துக்குள்ள அடங்கிடும்” என்றார் அண்ணி. “ஆனா ரொம்பத் தூரத்துல ஒரு பெரிய புயல் இருக்கு. அது அனுப்பின நீள அலை சாயங்காலம் வந்து சேரும். இது போய் அது வர்றதுக்குள்ள கொஞ்ச நேரம் கிடைக்கும்.”

“உறுதியா சொல்றீங்களா?”

“உறுதி கடைல கிடைச்சா நானே வாங்கி வச்சிருப்பேன். கணிப்புதான் தர முடியும். இப்பக் கிளம்பினா மதியம் கூடையை இறக்கலாம்.”

தொலைபேசியை வைத்தபிறகு என்னிடம் திரும்பினார். “எந்தப் படகு போகுது?”

“நீலப் படகு, அண்ணி. இன்னொண்ணு பழுதுபார்க்கப் போயிருக்கு.”

என் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தார். பிறகு மைக்கை வாங்கி, எந்தக் கேப்டனுக்கும் சொல்கிற அதே நிதானத்தில், காற்றையும் அலையையும் நேரத்தையும் சொன்னார்.

“கேப்டன், புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது அக்கா. அதென்ன கேப்டன்? கோபமா?” என்று மறுமுனையில் சிரித்தார் என் கணவர்.

“வேலை நேரம். கிளம்பு.”

நான் ரேடியோவைவிட்டு நகராமல் உட்கார்ந்தேன். அண்ணி மாடிக்குப் போகவும் வரவுமாக இருந்தார். அவர் சொன்னபடியே வெயில் ஏறியதும் காற்று விழுந்தது. அலை குறைகிறது என்று மேடையிலிருந்தும் தகவல் வந்தது.

படகு மேடையை நெருங்கிய சமயத்தில் அண்ணி தடதடவென்று இறங்கி வந்தார். “அவனை நிறுத்து. மேடைக்கு மேற்கே புதுசா ஒரு மேகம் கிளம்பியிருக்கு.”

நான் சொல்லி முடிப்பதற்குள் மேனேஜர் லைனில் வந்துவிட்டார். “மேடம், இங்க தண்ணி நல்லாத்தானே இருக்கு! கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போயிடும் போலிருக்கே. ஆள் துடிக்கிறார்.”

“அந்த மேகத்துக்கு முன்னாடி ஒரு காத்து ஓடி வரும். கூடை அந்தரத்துல இருக்கும்போது அது வந்தா ஆளைக் காப்பாத்த முடியாது. அரை மணி நேரம் பொறுங்க.”

“அரை மணிக்கப்புறம் அது போயிடுமா?”

“போயிடும். காலைல பெஞ்ச மழைத்தண்ணி உங்க பக்கம் கடல்மேல குளிர்ச்சியாப் பரவிக் கிடக்கு. அடுப்பை அணைச்ச மாதிரி. இந்த மேகத்துக்கு அங்க தீனி கிடையாது.”

என் கணவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எஞ்சினைக் குறைத்து, படகின் மூக்கை மேற்கே திருப்பி நின்றார். பத்தே நிமிடத்தில் காற்று வந்தது. ரேடியோவில் அதன் ஊளை எங்களுக்கே கேட்டது. மேடைமேல் கட்டாமல் கிடந்த தார்ப்பாய் ஒன்று பறந்துபோய்க் கடலில் விழுந்தது என்று மேனேஜரே பிறகு சொன்னார். அதன்பின் சட்டியைக் கவிழ்த்தாற்போல் மழை. அதன்பின் ஒன்றுமில்லை.

“அக்கா, தண்ணி எண்ணெய் ஊத்தின மாதிரி இருக்கு” என்றது என் கணவரின் குரல்.

“இறக்கச் சொல்லு.”

கூடை இறங்கியது. சமையல்காரர் தளத்தைத் தொட்டார். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அண்ணி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேலே போனார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால், கெட்டிக்காரி என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருப்பேன். அவர்மேல் நான் வைத்திருக்கும் மதிப்பு இதற்கு அப்புறம் நடந்ததில் இருக்கிறது.

படகு பாதி வழி திரும்பியிருக்கும். அண்ணி மறுபடி வந்தார். இந்தமுறை மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. நான் எழுந்து இடம் கொடுத்தும் உட்காரவில்லை. மைக்கை எடுத்து, எல்லாப் படகுகளும் கேட்கிற பொது அலைவரிசையை வைக்கச் சொன்னார்.

“எல்லாக் கேப்டன்களுக்கும். நீள அலை சாயங்காலம் வரும்னு காலைல சொன்னேன். அது தப்பு. வெளிக்கடல்ல அலையை அளக்கிற மிதவை இப்பவே காட்டுது. நான் நினைச்சதைவிட நீளமான அலை, அதனால வேகமாவும் வருது. நம்ம துறைமுக வாய்ல மணல்திட்டுமேல ஒரு மணி நேரத்துல உடைய ஆரம்பிக்கும். உள்ள வர நினைக்கிறவங்க இப்பவே வந்துடுங்க. வர முடியாதவங்க நடுக்கடல்லயே இருங்க. ஆழத்துல அது தாலாட்டற மாதிரிதான் இருக்கும்.”

சமாதானம் இல்லை, சுற்றிவளைப்பு இல்லை. காலையில் எந்தக் குரலில் கணிப்பைச் சொன்னாரோ, அதே குரலில் ‘தப்பு’ என்றார். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் யாருக்கும் உடனே தெரிந்திருக்காது. கடல் பொல்லாதது என்று ஊர் கடல்மேல் பழியைப் போட்டிருக்கும்.

நீலப் படகு ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர முடியாது. நடுக்கடலில் காத்திருக்கவும் முடியாது. தளத்தில் ஓர் உயிர் கிடந்தது.

“கேப்டன்” என்றார் அண்ணி. “இங்க வராதே. தெற்கே சரக்குத் துறைமுகத்துக்குத் திரும்பு. அதோட வாய் ஆழம், அங்க அலை உடையாது. கூடுதலா முக்கால் மணி ஆகும். ஆம்புலன்ஸ் அங்க நிக்கும்.”

“திரும்பிட்டேன்” என்றார் என் கணவர்.

ஆம்புலன்ஸுக்கும் மருத்துவமனைக்கும் நான் ஒரே மூச்சில் பேசினேன். பேசி முடித்து ஜன்னல் பக்கம் போனேன். காற்றே இல்லை. கடல் பட்டு விரித்தாற்போல் பளபளத்தது. அந்தப் பட்டுக்கு அடியில் ஏதோ புரள்வதுபோல் நீண்ட மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் வந்தன. துறைமுக வாயை அடைந்ததும் ஒவ்வொன்றும் நிமிர்ந்து, சுவராகி, இடிந்து விழுந்தது. கடைசியாக உள்ளே நுழைந்த மீன்பிடிப் படகுக்காரர்கள் கரையில் நின்று அதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அண்ணி அதைப் பார்க்கவில்லை. மேலே மிதவையின் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே சமையல்காரர் அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டார். கொஞ்சம் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்று மருத்துவர் சொன்னதாகச் செய்தி வந்தது. பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் என் கணவர் பேருந்தில் வீடு வந்து சேர்ந்தார். அண்ணியும் வந்திருந்தார். தம்பியைக் கட்டிப்பிடித்து ஒரு சொட்டுக் கண்ணீராவது விடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, “அலை முதல்ல எப்பத் தெரிஞ்சுது?”

“சாப்பிட விடு அக்கா.”

“சாப்பிட்டுக்கிட்டே சொல்லு.”

அவர் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். “கூடை இறங்கறதுக்கு முன்னாடியே படகு லேசா மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. மெதுவா ஏறி, மெதுவா இறங்கி. என் பிரமைன்னு விட்டுட்டேன்.”

“அப்பவேவா?” அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏன்டா சொல்லலை?”

“பிரமையை எல்லாம் ரேடியோல சொல்வாங்களா?”

“இனிமே சொல்லு. மிதவைக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் நடுவுல எவ்வளவு நேரம்? கையால காட்டு.”

என் கணவர் எச்சில் கையைக் காற்றில் மெல்ல உயர்த்தி, மெல்ல இறக்கினார். அண்ணி உதட்டுக்குள் எண்ணினார். “இன்னொரு தடவை.” மறுபடி உயர்த்தினார். குழம்பு அவர் முழங்கை வழியாக மேஜையில் சொட்டியது. அண்ணி தன் தட்டை அலை வந்த திசைக்கும், தண்ணீர்க் குவளையை மேடைக்குமாக நகர்த்தி வைத்தார். துறைமுக வாய்க்கு என் தட்டையும் எடுத்துக்கொண்டார்.

எனக்குப் பசி. ஆனாலும் நான் என் தட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.