பச்சைக் குரல்

என் தங்கச்சி புருஷனுக்குக் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தொண்டையில் கட்டி, வேறு வழியில்லை என்றார். ஆயுசு முழுக்கத் தன் குரலைத் திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்துவைத்துத் திரிந்தவன் அவன். அதையும் பிடுங்கிக்கொள்ள ஒரு நோய் வந்து நிற்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எங்களைத் தெரியாதவர்கள்தான் அதிகம் என்பதால் சொல்லிவிடுகிறேன். 'இரண்டாம் ஷிப்ட்' என்பது நாங்கள் இரண்டு பேர். அவன் குரல், மற்றதெல்லாம் நான். இயந்திரச் சத்தத்தையும் மின்னணுக் கருவிகளையும் கலந்து, நெஞ்சுக்கூட்டில் இடிக்கிற மாதிரி அடிப்போம். நாங்கள் அதை இசை என்றோம். கீழ்வீட்டுக்காரர் அதற்கு வைத்த பெயரை எழுத முடியாது. கச்சேரிக்கு வருகிறவர்கள் கறுப்புச் சட்டை போட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வருவார்கள். பஞ்சு அடைத்துக்கொண்டு கேட்க எதற்கய்யா வருகிறீர்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றும். கேட்டதில்லை, வருகிறதே நாலு பேர்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி எங்களை உட்காரவைத்துப் பேசினாள்.

"கவலைப்படாதீங்க. இப்பல்லாம் ஃபோனே பேசும். அவர் டைப் பண்ணா அவரோட குரல்லயே சொல்லும். பழைய ரெக்கார்டிங் மட்டும் கொண்டு வாங்க. சாதாரணமா பேசினது, அரை மணி நேரம் இருந்தா ரொம்ப நல்லா வரும். பாடுறவர்தானே, வீடு முழுக்க இருக்குமே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கச்சி என்னை முறைத்தாள். அவள் மகள் என் கையைப் பிடித்தாள்.

"சிரிக்காதீங்க மாமா. எனக்கு அப்பா குரல் வேணும். எங்கயாவது இருக்கும், தேடுங்க."

இப்போதே பதிவு செய்துகொள்ளலாமே என்றால், அந்தக் காலம் கடந்துவிட்டது. கட்டி முற்றி, வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. அவன் மடியில் ஒரு சிலேட்டு வைத்திருந்தான். அதில் எதையும் எழுதாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் சிரித்ததற்குக் காரணம் உண்டு. எத்தனையோ இசைத்தட்டு போட்ட ஒரு பாடகனின் குரல், உள்ளது உள்ளபடி, எந்த இசைத்தட்டிலும் கிடையாது.

நாங்கள் இரண்டு பேரும் முதலில் ஒரு தகர டப்பா ஆலையில் வேலை பார்த்தோம். தகட்டை அழுத்தி மூடி வெட்டுகிற பிரஸ்ஸில் நான், பக்கத்துப் பிரஸ்ஸில் அவன். அந்தச் சத்தத்தில் எல்லாருக்கும் தலை வலிக்கும். எங்களுக்கு மட்டும் கால் தாளம் போடும். ஒருநாள் மேஸ்திரி சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, ஒரு டேப் ரெக்கார்டரைப் பழந்துணியில் சுற்றி என் பிரஸ்ஸுக்கு அடியில் வைத்து, மைக்கை மட்டும் மேலே அச்சுக்குப் பக்கத்தில் நீட்டிவிட்டோம். அவன் பிரஸ் நின்றிருந்தது, என் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. மைக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அடி சரியாக விழாது என்று எனக்குப் பட்டது. எட்டி அதை நகர்த்தினேன். ஓடுகிற பிரஸ்ஸுக்குள் எந்த மடையனும் கை விடமாட்டான். சத்தம் நன்றாக விழ வேண்டுமே என்று நான் விட்டேன்.

அவன் கத்தினான். அந்தக் கத்தலில் என் கை தானாகப் பின்னால் வந்தது. இரண்டு விரல் மட்டும் வரவில்லை. அவன் கத்தியிராவிட்டால் மணிக்கட்டோடு போயிருக்கும் என்று டாக்டரே சொன்னார்.

என்னைப் பார்க்க வந்து வந்துதான் என் தங்கச்சியைப் பிடித்துக்கொண்டான். "ரெண்டு விரலக் குடுத்து ஒரு மாப்பிள்ளைய வாங்கினேன்" என்று கல்யாணத்தில் எல்லாரிடமும் சொன்னேன். தங்கச்சிக்கு அந்தக் கிண்டல் பிடிக்கவே இல்லை.

கட்டுப் பிரித்த பிறகு இருவரும் அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டோம். பிரஸ் இடித்துக்கொண்டே இருக்கிறது. திடீரென்று அவன் குரல். "டேய், கைய எடுடா! கைய எடு! மெயின அணைங்க, யாராவது வாங்க!" என் விரல் போன சத்தம் எங்கே என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவன் முகம் வெளிறிப்போனது. படக்கென்று எழுந்து நிறுத்தினான்.

"இது எங்கப்பன்டா."

அவன் அப்பாவை நான் பார்த்ததில்லை. வீட்டில் எல்லாரையும் அடித்து நொறுக்கிவிட்டு, இவன் வேலைக்குச் சேருவதற்கு முன்பே செத்துப்போனவர். அடிக்கு முன்னால் அந்த வீட்டில் குரல்தான் வருமாம். அவர் போன பிறகு ஒருநாள் இவன் வாசலில் நின்று, "அம்மா, தண்ணி" என்று கொஞ்சம் உரக்கக் கேட்டிருக்கிறான். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அவன் அம்மா, தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவரோடு சுவராக ஒடுங்கிவிட்டாள். இவன் முகத்தைப் பார்த்த பிறகும் அவள் நடுக்கம் நிற்கவில்லை. ஏன் என்று அன்றைக்கு அவனுக்குப் புரியவில்லை. கேசட்டைக் கேட்டதும் புரிந்துவிட்டது.

"அதத் தூக்கிப் போட்டுடு மச்சான். இனிமே என் பச்சைக் குரல் எந்த டேப்லயும் இருக்கக் கூடாது."

போட்டுவிடுகிறேன் என்றேன். பிரஸ் அடியை மட்டும் வேறு நாடாவில் ஏற்றி எங்கள் முதல் பாட்டுக்குத் தாளமாக வைத்துக்கொண்டோம். கேசட்டை நான் தூக்கிப் போடவில்லை. என் விரல்கள் என்னோடு இருந்த கடைசி நேரம் அதில்தான் இருக்கிறது. அதைக் குப்பையில் போட எப்படி மனசு வரும்? ஒரு மூடி டப்பாவில் போட்டு பீரோவுக்குப் பின்னால் தள்ளினேன். திரும்ப ஒருதரம் கேட்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை.

அதற்குப் பிறகு அவன் குரலுக்காக ஒரு பெட்டி செய்தேன். பழைய ரேடியோ ஒன்றின் வயிற்றைக் கிழித்து, அதில் இருந்ததை பிஸ்கட் டின்னுக்குள் அடைத்தேன். ஒரு பக்கம் மனுஷக் குரல் போகும், மறு பக்கம் துருப்பிடித்த இரும்பு வரும். அதற்கு 'அரவை' என்று பெயர் வைத்தோம். மைக்கிலிருந்து நேரே அரவை, அரவையிலிருந்து நேரே நாடா. நடுவில் எங்கேயும் அவன் குரல் தங்காது. மற்றவர்கள் முதலில் சுத்தமாகப் பாடிப் பதிந்துவிட்டுப் பிறகு சத்தத்தைக் கெடுப்பார்கள். நாங்கள் கெட்டதைத்தான் பதிந்தோம்.

முதல் சில வருஷங்கள் நாங்கள் தகரமும் பீப்பாயும் கிழிந்த ஸ்பீக்கருமாகவே இருந்தோம். பிறகு டிரம் மெஷினும் சின்தசைசரும் வந்தன. சத்தத்துக்கு ஒரு நடை வந்தது, ஜனங்கள் ஆடத் தொடங்கினார்கள். எட்டு விரலால் வாசிப்பதால் என் தாழ்ந்த சுரங்களில் அங்கங்கே ஓட்டை விழும். ஒரு விமரிசகர் அதைப் பற்றி, 'மௌனத்தைக் கருவியாக்கிய கலைஞன்' என்று அரைப் பக்கம் எழுதிவிட்டார். மாப்பிள்ளை அதை வெட்டி என் வீட்டுக் கக்கூஸ் கதவில் ஒட்டிவைத்தான். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. இடி குறைந்தது, பாட்டு நீண்டது, வேகம் செத்தது. கடைசியில் கத்துவதையும் விட்டுவிட்டான், முணுமுணுப்புதான். அந்த முணுமுணுப்பும் அரவை வழியாகத்தான். ஆனால் இப்போது மைக் முதலில் கம்ப்யூட்டருக்குள் போய்த்தான் அரவைக்குப் போகும் என்பதால், குரல் சுத்தமாக ஒரு பக்கம் தங்கிவிடும். ஒவ்வொரு பாட்டும் முடிந்தவுடன் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பான், நான் அதை அழிக்கும்வரை நகரமாட்டான். ரேடியோ பேட்டிக்குக்கூட பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு போனான். ரசிகர்கள் அதைப் பெரிய தத்துவம் என்றார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். பேசுவதே ரகசியம் சொல்கிற மாதிரி இருக்கும். மகளை ஒருநாளும் அதட்டியதில்லை, தூர இருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொடுவான். யாராவது வீடியோ எடுக்க ஃபோனைத் தூக்கினால் வாயை மூடிக்கொள்வான். ஃபோன் மணி அடித்தால் எடுத்துத் தங்கச்சியிடம் நீட்டுவான். அவளுக்கு அது பழகிவிட்டது. பெண்ணுக்குப் பழகவில்லை என்பது ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது.

தேடினேன். கேசட் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் மற்ற எல்லா இடத்திலும் தேடினேன். அது வேண்டாம், வேறு ஏதாவது கிடைக்கட்டும் என்ற நப்பாசை. அலமாரி அலமாரியாக நாடாக்களைப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் துரு. சத்தத்தைச் சுத்தம் செய்கிற மென்பொருளில் போட்டுப் பார்த்தேன், துரு போன இடத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அரைத்த மாவிலிருந்து அரிசியைப் பொறுக்குகிற வேலை. என் கையால் செய்த பெட்டி இவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறதே என்று முதல்முறையாக அதன்மேல் எரிச்சல் வந்தது.

"மாமா, ஒண்ணுமே இல்லியா?" என்று அவள் ஃபோனில் கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

பீரோவை நகர்த்தி டப்பாவை எடுத்தேன்.

அவளை என் வீட்டுக்கு வரச் சொல்லி, அதைக் கேட்டு அவள் அப்பா சொன்னதையும் சொல்லி, முதலில் அவளுக்கு மட்டும் போட்டுக்காட்டினேன். பிரஸ் இடித்தது. பிறகு அவன் கத்தினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் நாடாவைத் திருப்பி மறுபடி மறுபடி போட்டாள்.

"இதுவா தாத்தா குரல்னு சொன்னாரு? இது கோபம் இல்ல மாமா. எவ்ளோ பயந்துருக்காரு பாருங்க. உங்களுக்காகத் துடிக்கிறாரு."

இத்தனை வருஷம் ஒலியோடு குப்பை கொட்டிய என் காதுக்கு அது கேட்டதில்லை. அவன் காதுக்கும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவள் கேசட்டை அவனிடமே கொண்டுபோனாள். நானும் போனேன். கேட்டவுடன் என்னை ஒரு பார்வை பார்த்தான். தூக்கிப் போடவில்லையா நீ, என்ற பார்வை. பிறகு சிலேட்டை எடுத்து 'எங்கப்பன்' என்று எழுதினான்.

"இல்லப்பா. நீ. மாமாவோட கைய நீதான் காப்பாத்தின. தாத்தா யாரோட கைய காப்பாத்தினாரு, சொல்லு?"

எழுதியதை உள்ளங்கையால் அழித்தான். திரும்ப எழுதினான். 'உனக்கு வேணும்னா வச்சுக்கோ. என் முன்னால போடாத. உங்கம்மா முன்னாலயும் போடாத.'

பேச்சுப் பயிற்சிப் பெண் கேசட்டைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இவ்ளோதானா? கத்துறத வச்சுப் பண்ணா, அது என்ன சொன்னாலும் கத்துமே."

"கத்தட்டும், பரவால்ல" என்றாள் மகள்.

அந்தக் கத்தலை வைத்தே ஃபோன் தயாரானது. அவன் அதைத் தொடவே இல்லை. குரல்வளையை எடுத்த பிறகும் சிலேட்டுதான். 'தண்ணி', 'வலிக்குது', 'மச்சானுக்கு டீ குடு' என்று எழுதுவான். ஒருநாள் நான் கொஞ்சம் நைச்சியமாக, "மாப்ளே, ஒரே ஒருதரம் பேசிப் பாரேன்" என்றேன். சிலேட்டில் எழுதாமல், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கட்டி வேறு இடத்துக்கும் பரவியிருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டான். சத்தமே இல்லாமல் போனான். தங்கச்சி பக்கத்தில் இருந்தும் அவளுக்குத் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனபின் ஒரு மத்தியானம் அங்கே போனேன். தங்கச்சி கடைக்குப் போயிருந்தாள். மகள் அவன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். சாப்பிட்டாளா என்று கேட்கலாம் என்று போய், கதவின் பிடியில் கை வைத்தேன்.

உள்ளே அவன் கத்தினான்.

"சாப்டியாம்மா? சாப்டு!"

என் கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. அன்றைக்கு வந்த மாதிரியே, அதே வேகத்தில். மூன்று விரல் மிச்சமிருக்கும் அந்தக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவன் அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எப்படி நின்றிருப்பாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கதவைத் திறக்க முடியவில்லை.

உள்ளே அவள் ஃபோனில் தட்டுவது கேட்டது. நிறுத்தி நிறுத்தி, யோசித்து யோசித்துத் தட்டினாள். அவன் அவளிடம் ஒருநாளும் உரக்கச் சொல்லாததை அவளே எழுதிக்கொண்டிருந்தாள்.

"நான் இங்கதான் இருக்கேன்!" என்று அவன் தொண்டை கிழியக் கத்தினான். "பயப்படாத! பயப்படாத!"