அரைநிலாச் சாவி

'டிங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், என் ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

பெரியநாயகம் அண்ணாச்சியின் டெம்போவுக்குப் புது டீசல் பம்ப் மாட்டிக்கொண்டிருந்தேன். பம்ப்பின் ஷாஃப்ட்டில் ஒரு வெட்டு இருக்கும். அதில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, அரைநிலா வடிவத்தில் ஒரு இரும்புத் துண்டு உட்கார வேண்டும். ஷாஃப்ட்டும் கியரும் விலகாமல் ஒன்றாகச் சுற்றுவது அதனால்தான். எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் சாவி. கிரீஸ் தடவி ஒட்டவைத்து, கியருக்குக் கீழே துணியைத் திணித்துவிட்டுத்தான் பம்ப்பை உள்ளே தள்ள வேண்டும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். இன்றைக்குத் துணி வைக்கவில்லை. மணி என்ன என்று செல்போனை எட்டிப் பார்த்தேன். சனியன், சரியாக அந்த நேரம் பார்த்து நழுவி கியர் கேஸுக்குள் விழுந்தது.

மணி ஒன்றே முக்கால். மூன்று மணிக்குள் நான் சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறியாக வேண்டும். தண்டவாள வேலைக்காகப் பாதி ரயிலை நிறுத்தும் மெகா பிளாக் வேறு. உல்லாஸ்நகரில் தன் அண்ணன் வீட்டில் என் மனைவி சந்திரலேகா இருக்கிறாள், நான்கு மாசமாக. புதன்கிழமை போனில் சொன்னாள். "ஞாயித்துக்கிழம அஞ்சு மணிக்கு ஒரு ரூம் பாக்கப் போறேன். புடிச்சிருந்தா இங்கயே இருந்துக்கிடுவேன். அதுக்கு முன்னால வந்தியன்னா பேசலாம்."

சண்டை போட்டுக்கொண்டு போனவள் இல்லை. போட்டிருந்தால் சமாதானமாவது செய்திருப்பேன். கர்ப்பப்பை எடுத்த அன்றைக்கு ஆஸ்பத்திரி பாரத்தில் அவளே கையெழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் பிவண்டியில் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தேன். "வேலை முடிஞ்சதும் வாரேன்" என்று சொல்லியிருந்தேன். வேலை மறுநாள் காலையில் முடிந்தது. உடம்பு தேற அண்ணன் வீட்டுக்குப் போனவள், தேறின பிறகும் வரவில்லை. போகும்போது, "எங்கிட்ட இருந்த வீட்டுச் சாவிய மர்யம்கிட்ட குடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள். மர்யம் பக்கத்து வீட்டுக்காரி. இந்த நான்கு மாசத்தில் நான் அவளிடம் அந்தச் சாவியைப் பற்றிக் கேட்டதே இல்லை. கேட்டு, அவள் "இந்தா இருக்கு" என்று எடுத்து நீட்டிவிட்டால் என்ன செய்வது?

அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். சாவி விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. என் டப்பாவில் அதே அளவில் இன்னும் மூன்று கிடந்தன. ஒன்றை எடுத்து வைத்து மூடிவிட்டால் இரண்டரைக்குக் கை கழுவிவிடலாம். டெம்போ கேபினுக்குள் கொக்கியில் என் நல்ல சட்டை தொங்கியது. அவள் எடுத்துக் கொடுத்த நீலக் கோடு போட்ட சட்டை. அதன் பையில் என் வீட்டுச் சாவி, ரயில் பாஸ் எல்லாம் தயார். விழுந்தது அடியில் எண்ணெயோடு எண்ணெயாக ஆயுசுக்கும் அப்படியே கிடந்தாலும் கிடக்கும். ஆனால் அண்ணாச்சி மகன் இன்றைக்கே இந்த வண்டியில் காட் மலைப்பாதை ஏறி நாசிக்குக்கு வெங்காயம் எடுக்கப் போகிறான். ஏற்றத்தில் அந்தத் துண்டு கிளம்பி கியர் பல்லுக்குள் மாட்டினால், இஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பின்னால் லாரி வரும்.  போடா வேல்ராஜ், உனக்கு வாய்த்தது இதுதான் என்று என்னையே திட்டிக்கொண்டு காந்தக் கம்பியை எடுத்தேன்.

காந்தம் இருக்கிறதே, வேண்டியதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றிலும் போய் ஒட்டும். உள்ளே விட்டால் கியரில் ஒட்டியது, பிடுங்கினால் கேஸ் சுவரில் ஒட்டியது. ஒன்றரை மணி நேரம் இதே கூத்து. மூன்று மணி ரயில் போய்விட்டது. கையெல்லாம் எண்ணெய். புறங்கையால் செல்போனை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன்.

"லேகா, சாவி விழுந்துட்டு. கொஞ்சம் நேரமாவும்."

"எங்கன விழுந்திச்சு? கட்டர் சாக்கடையிலயா?" என்றாள். குரலில் பதற்றம். "சரி விடுங்க. அதுக்கு எதுக்கு இப்பிடிப் பதறுதிய? எங்கிட்டதான் ஒண்ணு இருக்கே."

நான் சொன்னது பம்ப்புச் சாவி. அவள் நினைத்தது வீட்டுச் சாவி. அது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"மர்யம்கிட்ட குடுத்துட்டேன்னு சொன்ன?"

அவளுக்குப் பின்னால் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது.

"அப்பிடித்தான் சொன்னேன்" என்றாள்.

 நான்கு மாசமாக அந்தச் சாவியைக் கூடவே வைத்திருக்கிறாள், பாவி மகள்! விழுந்தது எந்தச் சாவி என்று அப்புறம்தான் சொன்னேன். நாசிக், காட் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அத விட்டுட்டு வாங்கன்னு சொன்னா வருவியளா?"

காந்தக் கம்பியை மறுபடி உள்ளே விட்டேன்.

"வர மாட்டிய. வந்தாலும் மனசு அங்கனதான் கெடக்கும். எடுங்க. எடுத்துட்டுப் பேசுங்க." போன் வைத்துவிட்டாள்.

ஜூஸ் கடையில் ஒரு ஸ்ட்ரா வாங்கிவந்து காந்தக் கம்பியின் மேல் செருகினேன். பக்கத்தில் ஒட்டாமல் நுனி மட்டும் இழுக்கும். இந்த யோசனை இரண்டு மணிக்கே வந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கப் போகிறேன்? நாலு இருபதுக்கு நுனியில் 'டிக்' என்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே இழுத்தேன். கறுப்பு எண்ணெய் சொட்ட வெளியே வந்தது அந்த அரைநிலா. அதைத் துடைத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்தேன். இந்தத் தடவை துணி வைத்தேன். பம்ப்பை மாட்டி, டீசல் குழாயில் அடைந்த காற்றை எடுத்து, ஸ்டார்ட் செய்யும்போது ஐந்தேகால். இஞ்சின் ஒரே தட்டில் பிடித்தது. அண்ணாச்சி, "வேல்ராசு, ஒன்னய மாதிரி ஒருத்தன் உண்டுமா!" என்று தோளில் தட்டினார். அவர் சொன்னதில் எனக்குச் சந்தோஷமே இல்லை. ஐந்து மணி போய்விட்டதே.

வண்டி நகர்ந்தபோதுதான் பார்த்தேன். கேபினுக்குள் என் சட்டை ஆடிக்கொண்டிருந்தது. சாவியும் அதில்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம். வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன். டெம்போ அறுபதடி ரோடு திரும்பி மறைகிற வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

எங்கள் சந்துக்கு நடந்து வந்து, மாடி வீட்டுக்கு ஏறும் இரும்பு ஏணியில் பனியனோடு உட்கார்ந்தேன். மேலே கதவில் பூட்டு. மர்யம் எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா பாய்?" என்றாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டுப் போன் போட்டேன்.

"எடுத்தாச்சு" என்றேன்.

"நல்லது."

"ரூம் பாத்தியா?"

"பாத்தேன். வெளிச்சம் நல்லா வருது."

 தலையைத் தூக்கி மேலே பூட்டைப் பார்த்தேன்.

"லேகா, இப்ப வீட்டுச் சாவி போயிட்டு. நெசமாவே. சட்டையோட நாசிக் போவுது."

"வெளையாடுதியளா?"

"இல்லட்டி. வாசல்லதான் உக்காந்திருக்கேன்."

"கையில ஸ்பானர் இருக்குல்லா? ஒரு பூட்ட ஒடைக்க ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும்."

"பொறவு?"

"ஒடைக்க மனசில்ல. நீ இல்லாம முடியல லேகா."

 வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பையில் கிடந்த அரைநிலாவை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, போனைக் காதோடு அழுத்தினேன். அந்தப் பக்கம் கைப்பை ஜிப்பை மெதுவாக இழுக்கும் சத்தம். அதற்குப் பின்னால், சில்லறைக்கு நடுவே விரல் துழாவும் சத்தம்.