ஆறு வெள்ளிக்கிழமை இரத்தம்

கொழும்பில் ஒரு புது மருந்துக் குளிசையைப் பரிசோதிக்க முதலில் எடுத்த மூன்று பேரில் என் கணவர் கிறகரியும் ஒருவர். ஈரலில் புற்றுநோய் பரவி, மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு கிடைத்த இடம் அது. "சுகமாகும் எண்டு சொல்லேலாது அம்மா. உடம்பு எவ்வளவைத் தாங்கும் எண்டுதான் பாக்கிறம்," என்று டொக்டர் அமிர்தநாயகம் முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு அது போதும். படுக்கையில் கிடந்த மனுசன் ஒன்றரை மாதத்தில் எழும்பி, தோட்டவெளியில் எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்து கிழிந்த வலை பொத்தத் தொடங்கிவிட்டார்.

காலையில் சாப்பிட்ட பிறகுதான் குளிசை போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் இரத்தத்தில் சரியாகச் சேராது. வெள்ளிக்கிழமைகளில் மன்னாரில் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள்.

ஒரு சனிக்கிழமை டொக்டர் போன் எடுத்தார்.

"ஐயாவின்ர இரத்தத்தில மருந்து குறைவாத்தான் நிக்குது. அளவு காணாது போல. திங்கக்கிழமை அடுத்ததாச் சேர்ற சரீபாவுக்கு அளவைக் கூட்டிக் குடுக்கப்போறம்."

சரீபா மறிச்சுக்கட்டி ஊர்க்காரி. அவளுக்கும் இதே நோய். கொழும்பு ஆஸ்பத்திரி வாங்கில் என் பக்கத்தில் இருந்து, தன் சோற்றுப் பார்சலில் பாதியை எனக்குத் தந்தவள்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு இவரைப் பார்த்தேன். காலையில் நான் கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போய்விடுவேன். இவர் சாப்பிடுவதைக் கண்டது யார்?

"தவக்காலமெல்லோ. நேற்றுக் காலமை சாப்பிட்டனீங்களோ?"

"ஒருசந்தி. மத்தியானம் மட்டும்தான். ஆறு வெள்ளியும்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நோயாளிகள் ஒருசந்தி இருக்கத் தேவையில்லை என்று பங்குச் சுவாமி பூசையில் தொண்டை கிழியச் சொன்னது இந்த மனுசனின் காதில் மட்டும் விழவில்லை.

"சொல்லாதை செலீனா. சொன்னா என்னை விலத்திப்போடுவாங்கள்."

விலத்தினால் வேறு மருந்தில்லை. எனக்கும் அது தெரியும். வாயை மூடிக்கொள்ளத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் சரீபாவின் முகம் விடவில்லை. பிழையான கணக்கில் கூட்டின மருந்தை அவள் உடம்பு தாங்குமோ?

"டொக்டர், அவவுக்குக் கூட்டிப்போடாதேங்கோ. இவர் ஆறு வெள்ளியும் வெறும் வயித்திலதான் குளிசை போட்டவர்."

"நல்லவேளை சொன்னியள். சரீபாவுக்கு இப்ப தொடங்கேல்லை. ஐயாவை வைச்சிருக்கிறதோ எண்டு குழு கூடித்தான் முடிவெடுக்கும்," என்றார்.

ஐந்து நாளும் போனை மடியில் வைத்துக்கொண்டே கருவாடு காயப்போட்டேன். வியாழக்கிழமை பதில் வந்தது. அவர் இருக்கலாம். நாளைக்குச் சாப்பிட்டு, குளிசை போட்டு, புதிதாக இரத்தம் கொடுக்க வேண்டும்.

நாளை பெரிய வெள்ளி.

"பெரிய வெள்ளிக் காலமை நான் வாயில ஒண்டும் வைச்சதில்லை," என்றார், விடிந்ததும் நான் வைத்த புட்டுக் கோப்பையைப் பார்த்தபடி.

"இண்டைக்கு வைப்பியள்."

கடைசிப் பிடிவரை எதிரில் இருந்து பார்த்தேன். குளிசையையும் கொடுத்துவிட்டு, இரண்டு பேருக்குமாக நான் ஒருசந்தி இருந்தேன்.