செய்வினைத் தீவு

மாவடிக் கண்மாயில் தீவு எதுவும் கிடையாது. ஆறாண்டுகளுக்கு முன்பு அதைத் தூர்வாரியபோது, அள்ளிய வண்டலைக் கரைக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டச் சோம்பிய ஓர் ஒப்பந்தக்காரர், உள்ளேயே மூன்று இடங்களில் குவித்துவிட்டுப் போய்விட்டார். பிறகு மழை பெய்தது, நீர் ஏறியது, மூன்று மேடுகளும் நடுவே தலை நீட்டின. சமயநல்லூர்ப் பக்கத்து மக்கள் அவற்றைத் திட்டு என்றார்கள். ராம்கி வந்தான், தீவு என்றான். தீவு என்றவுடன் மதுரையிலிருந்து ஆள் வரத் தொடங்கிவிட்டது.

ராம்கிக்குக் காளவாசலில் ஓர் அறையும் ஒரு வேனும் இருந்தன. 'ஒருநாள் படகு உலா: மூன்று தீவுகள், மூன்று கைத்தொழில்கள்' என்பது அவனுடைய விளம்பரம். முதல் திட்டில் மண்பொம்மை செய்வார்கள். இரண்டாம் திட்டில் பனையோலைப் பெட்டி முடைவார்கள். மூன்றாம் திட்டில் மதியச் சாப்பாடு போடுவார்கள். சாப்பிடுவது எந்தக் கைத்தொழிலில் சேரும் என்று இதுவரை எவரும் அவனைக் கேட்டதில்லை.

இரண்டாம் திட்டு பாண்டிமீனாவின் பொறுப்பு. முப்பத்தேழு வயது, பத்தாம் வகுப்புவரை படித்தவள். முருகம்மாளையும் சேர்த்து ஆறு பெண்கள் அவளோடு முடைந்தார்கள். அவர்கள் பெட்டியின் மூடியைத் திறந்தால் ஒரு சிறு ஒலி எழும். மூடினால் அதே ஒலி திரும்ப எழும். அவ்வளவு இறுக்கமான முடைச்சல். அதில் எவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. குறையெல்லாம் திட்டின் முகப்பில், இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே தொங்கிய பதாகையில்தான் இருந்தது.

'செய்வினைத் தீவு தங்களை அன்புடன் வரவேற்கிறது. இங்கு பாரம்பரிய செய்வினை பொருட்கள் கிடைக்கும்.'

ஒற்று மிகவேண்டிய இடங்களில் மிகாமல் போனதைக்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது அந்தத் தலைச்சொல். செய்வினை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு வாழ்க்கை உண்டு. இலக்கணத்தில் அது மாசற்றது. எழுவாய் தானே ஒரு செயலைச் செய்தால், அந்த வினை செய்வினை. புத்தகத்தை மூடிவிட்டுத் தெருவில் இறங்கினால், ஒருவன் குடியைக் கெடுப்பதற்காக அவன் வாசலில் புதைத்துவைக்கும் தகட்டுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் அதே சொல்தான் பெயர். கைவினை என்று எழுதவேண்டிய இடத்தில் ராம்கி இதை எழுதியிருந்தான். கை தவறி எழுதவில்லை, யோசித்து எழுதியிருந்தான். அதுதான் கொடுமை.

பதாகை கட்டிய அன்றைக்கே பாண்டிமீனா அவனிடம் சொன்னாள்.

"சார், அந்த வார்த்தை வேணாம். கைவினைன்னு மாத்துங்க."

"கைவினைன்னு ஊருல அம்புட்டுப் பேரும் போடுறாய்ங்க. நாம புதுசாப் போட்டிருக்கோம். செய்வினை, பள்ளிக்கூடத்துல படிச்சதில்லையா நீ? இலக்கணத்துலயே இருக்கு."

"இலக்கணத்துல இருக்கு சார். ஊருக்குள்ள அதுக்கு அர்த்தம் வேற."

"பத்தாப்புப் படிச்சுப்புட்டு எனக்குத் தமிழ் சொல்லித்தர்றியாக்கும்? போ, போயி ஓலையக் கிழி."

இது நடந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. அந்த மூன்று வாரங்களில் பதாகை செய்த வேலையை எந்த மந்திரவாதியும் செய்திருக்க முடியாது. வந்து போனவர்கள் அதைப் படமெடுத்து, சிரித்து, ஊரெல்லாம் அனுப்பினார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பாண்டிமீனாவின் மகள் பவதாரிணி வகுப்பறைக்குள் நுழைந்தால், "செய்வினை வருது, நகருங்கடி" என்று முதல் வரிசையே ஒதுங்கியது. நான்கு நாளாக அவள் பள்ளிக்கே போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண், தன் கைக்குழந்தையைப் பாண்டிமீனாவின் மடியில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போகிறவள், நேற்று அவள் எதிரே வந்தபோது முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். பாண்டிமீனா நெடுநேரம் அந்த முந்தானையையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

தை மாதத்துச் சனிக்கிழமை காலை, படகில் உலா வந்தவர்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக்குள் பட்டுச்சேலை கசங்க, முன்பலகையில் அமர்ந்திருந்தவர் ஆனையூர் ஜெயக்கொடி. அவருடைய மகள் அஸ்வினிக்கு மாசியில் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தைப் பையில் கொடுக்காமல் ஓலைப்பெட்டியில் கொடுக்கவேண்டும் என்பது மகளின் ஆசை. அறுநூறு பெட்டி. அந்த வேலை கிடைத்தால் ஏழு பெண்களுக்கும் பங்குனிவரை கை ஓயாது. திட்டும் அவர்கள் கையைவிட்டுப் போகாது. கிடைக்காவிட்டால், பிளாஸ்டிக் வயர்க் கூடைக்காரர்களைக் கொண்டுவந்து உட்காரவைப்பதாக ராம்கி முன்பே சொல்லிவைத்திருந்தான். அதனால்தான் பாண்டிமீனா நேராகத் திட்டுக்குப் போகாமல், கரையிலேயே படகில் ஏறி, மாதிரிப் பெட்டிகளை ஜெயக்கொடியின் மடியில் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டிக்கொண்டு வந்தாள்.

"மூடி நல்லா இறுக்கமா இருக்கே. கழண்டு கிழண்டு போகாதுல்ல?"

"போகாதும்மா. தண்ணி பட்டா இன்னும் இறுகும்."

"அப்ப இதுலயே, இந்தச் செவப்புக் கரை போட்டதுலயே..." என்று ஜெயக்கொடி சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார். திட்டு கண்ணுக்கு எட்டிவிட்டது. அவருடைய உதடுகள் எழுத்தெழுத்தாக அசைந்தன. மடியிலிருந்த பெட்டி படகின் அடியில் விழுந்து உருண்டது.

"அடியாத்தி! அஸ்வினி, என்னடி எழுதியிருக்கு? சத்தமாப் படி."

அஸ்வினி படித்தாள். படிக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

"அன்புடன் வேறயா!" என்றது பின்னாலிருந்து ஓர் ஆண்குரல். "நம்ம ஊருப் பயலுக வெறுப்போடதான் வைப்பாய்ங்க. இங்க பாசமா வச்சுவிடுறாக போல மாப்ள."

"திரும்பிப் போறப்ப ஆளுக்கு ரெண்டு எலுமிச்சம்பழம் உண்டாண்ணே?" என்றது இன்னொரு குரல்.

ஜெயக்கொடி சிரிக்கவில்லை. "இந்தாப்பா ராம்கி, எம் மக கழுத்துல தாலி ஏறுறதுக்கு முன்னாடி செய்வினைப் பெட்டியத் தூக்கிச் சபைக்குக் குடுக்கச் சொல்றியா? திருப்பு படகை. அந்த மண்ணுல நான் காலு வைக்கமாட்டேன்."

ராம்கி பாண்டிமீனாவின் பக்கம் குனிந்தான். சிரித்த முகத்தோடு, பல்லைக் கடித்தபடி பேசினான்.

"மீனா, நான் சொல்றதக் கேளு. 'நான்தான் வார்த்தையத் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன், படிப்புப் பத்தாது'ன்னு நீயே அந்தம்மாகிட்டச் சொல்லிரு. பாவம்னு விட்டுருவாக. அறுநூறு பெட்டியும் உனக்கு. திட்டும் உனக்கு."

எளிய வழிதான். ஒரே ஒரு வாக்கியம். பாண்டிமீனா தலையைத் திருப்பிப் பார்த்தாள். அஸ்வினியுடையது உட்பட மூன்று கைபேசிகள் அவளை நோக்கி நீண்டிருந்தன. அவள் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்துவிட்டால், அந்தச் சொல் இனி அவளுடைய சொல். பவதாரிணி எந்தப் பள்ளிக்குப் போனாலும் அது அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

"நான் சொல்லல. நீங்க சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல?"

"நடந்ததச் சொல்லுங்க."

ராம்கி எழுந்து நின்று எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினான். "மன்னிக்கணும். ஒரு சின்னத் தவறு நடந்திருச்சு."

தவறுக்குக் கால் முளைத்து அதுவே நடந்து வந்ததுபோல் இருந்தது அந்த வாக்கியம். பாண்டிமீனா பலகையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்:

"யாரு செஞ்சா?"

"அதாவது, போர்டுல வார்த்தை தப்பா அச்சடிக்கப்பட்டிருச்சு."

"யாரால?"

குற்றவாளிகள் அனைவரும் செயப்பாட்டுவினையில்தான் ஒளிந்துகொள்கிறார்கள். கோப்பு தொலைக்கப்பட்டது, மரம் வெட்டப்பட்டது, சொல் தப்பாக அச்சடிக்கப்பட்டது. எழுவாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெற்று நாற்காலி கிடக்கும்; எவனும் வந்து உட்காரமாட்டான். பத்தாம் வகுப்பில் படித்த பாடங்களில் பாண்டிமீனாவுக்கு மறக்காமல் நின்றவை சிலவே. அவற்றுள் இது ஒன்று.

"அச்சாபீஸ்காரன் பண்ணிட்டான்" என்றான் ராம்கி. குரல் உயர்ந்துவிட்டது.

"நீங்க எழுதி அனுப்புனதத்தான அவரு அச்சடிச்சாரு? வேணாம்னு நான் சொன்னேனா இல்லையா?"

அப்போது படகு நின்றது. திட்டுக்கு முன்னால் ஐம்பது அடித் தொலைவில், நீருக்குள் கருவேலங்கட்டைகள் மறைந்து நிற்கும் இடம் அது. அங்கே எந்திரத்தைத் தூக்கிவிட்டு மூங்கில் கழியை ஊன்றித்தான் போகவேண்டும். படகோட்டி கருப்பு, கண்மாய் வறண்டு கிடந்த காலத்தில் அந்தக் கருவேல மரங்களைத் தன் கையால் வெட்டிக் கரிமூட்டம் போட்டவன். எந்தக் கட்டை எங்கே நிற்கிறது என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். அவன் இப்போது கழியைச் சேற்றில் ஆழ ஊன்றி, அதன்மேல் மார்பைச் சாய்த்து நின்றுகொண்டான்.

"என்னய்யா நிறுத்திட்ட?" என்றான் ராம்கி.

"கட்டை இருக்குங்க."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

ஜெயக்கொடியின் கோபம் இப்போது பாண்டிமீனாவின் பக்கம் திரும்பியது. "ஏத்தா, காசு குடுத்து வந்தவகள நடுத்தண்ணியில வச்சுக்கிட்டு உங்க பஞ்சாயத்தா? நல்லா இருக்குடி நாயம்!"

"எம் மகளப் பள்ளிக்கூடத்துல செய்வினைன்னுதாம்மா கூப்பிடுறாக. மூணு வாரமா. இவரு வாயால ஒரு வார்த்தை வரட்டும். அப்புறம் நீங்க எங்க வேணாலும் போங்க, நான் மறிக்கல."

ஜெயக்கொடி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ராம்கியைப் பார்த்தார். இரக்கப்பட்டார் என்று சொல்ல முடியாது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"சொல்லித் தொலையேன்ப்பா. எம்புட்டு நேரம் இந்தச் சட்டைக்குள்ள வேகுறது?"

"சொல்லுங்க ப்ரோ, வீடியோ ஓடுது" என்றான் பின்னாலிருந்தவன்.

ராம்கி கரையைப் பார்த்தான், கழியைப் பார்த்தான், நீரைப் பார்த்தான். பிறகு எவர் முகத்தையும் பாராமல் கத்தினான்: "நான்தான் எழுதினேன்! இவ வேணாம்னு சொன்னா, நான் கேக்கல. போதுமா?"

"போதும்" என்றாள் பாண்டிமீனா. பிறகு அஸ்வினியிடம் சொன்னாள்: "பாப்பா, எடுத்தத எனக்கு அனுப்பிவிடுங்க." அஸ்வினி தன் தாயை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு எண்ணைக் கேட்டு அனுப்பினாள். பாண்டிமீனா இடுப்பில் செருகியிருந்த கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. திங்கட்கிழமை காலையில் பவதாரிணியின் வகுப்பாசிரியை முன்னால் அதைப் போட்டுக் காட்டுவது என்று அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

கீழே உருண்ட பெட்டியை எடுத்துத் துடைத்து, ஜெயக்கொடியிடம் நீட்டினாள்.

ஜெயக்கொடி வாங்கவில்லை. "எழுதுனவன் எவனா இருந்தா எனக்கென்னத்தா? நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல கண்ணுல பட்டது பட்டதுதான். பெட்டி வேணாம்."

"அம்மா, நல்லாத்தானம்மா இருக்கு..." என்று அஸ்வினி இழுத்தாள்.

"வாய மூடுடி."

பாண்டிமீனா மறுபடி கேட்கவில்லை. திட்டின் விளிம்பில் முருகம்மாளும் மற்றவர்களும், தாம்பூலத் தட்டுப்போல அடுக்கிய பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். படகு ஏன் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அறுநூறும் போய்விட்டதென்று அவள்தான் போய்ச் சொல்லவேண்டும். சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டு, கைபேசியைப் பெட்டிக்குள் போட்டு மூடி, அதைத் தலைக்கு மேலே பிடித்தபடி, இடுப்பளவு நீரில் இறங்கினாள். கருப்பு, "எடது கைப் பக்கமா போ தங்கச்சி, கட்டை கெடக்கு" என்றான். திட்டில் ஏறியவள் முதல் வேலையாக, ஓலை சீவும் கத்தியால் பதாகையின் கயிறுகளை அறுத்தாள். அது எழுத்துப் பக்கம் கீழாகச் சேற்றில் விழுந்தது.

ராம்கிக்கு அப்போதுதான் வீரம் திரும்பியது. இடையே ஐம்பது அடி நீர் இருந்ததல்லவா?

"பாத்துக்க! நாளையிலருந்து இந்தத் திட்டுக்குப் படகு வராது!"

பாண்டிமீனா திரும்பினாள். இதுநாள்வரை சொல்லிவந்த 'சார்' அவள் வாயில் இப்போது வரவில்லை.

"படகு வராதுங்கிறீகளே தம்பி, படகு தானாவா வந்துச்சு? யாரு ஓட்டமாட்டா? அதச் சொல்லுங்க."

"நான் ஓட்டுவேன்" என்றான் கருப்பு, அவனை எவரும் கேட்காமலேயே.

"நீ எங்க ஆளுய்யா! நான் சொன்னாத்தான் நீ ஓட்டணும்."

கருப்பு சேற்றிலிருந்து கழியைப் பிடுங்கினான். நீர் சொட்டச் சொட்ட ராம்கியின் முன்னால் நீட்டினான். நங்கூரம் இழந்த படகு மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பியது. அடியில் ஏதோ ஒரு கட்டை உரசி, பன்னிரண்டு பேரும் பலகையைப் பற்றிக்கொண்டார்கள். ராம்கி கழியைத் தொடவில்லை.

ஜெயக்கொடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னப்பா முழிக்கிற? சொல்லு, இப்ப யாரு ஓட்டப்போறா?"