படத்தில் பின்னால் நின்றவன்

பொன்னுச்சாமியின் கல்யாணத்துக்கு எல்லாம் தயாராக இருந்தது. மாப்பிள்ளை மட்டும்தான் பாக்கி. காளையார்கோவிலில் மண்டபம் பேசி, சமையல்காரருக்கு வெற்றிலை பாக்கு வைத்து, பத்திரிகை அடித்து, அடித்த பத்திரிகையைத் தூரப் போட்டுவிட்டு வேறு தேதியில் மறுபடியும் அடித்தாகிவிட்டது. வைகாசி முகூர்த்தம் போயிற்று. ஆவணியும் போயிற்று. தையும் தவறினால் நாகஜோதியைத் தேவகோட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கும் அவளுடைய அத்தை மகனுக்குக் கொடுத்துவிடுவதாகப் பெண்ணின் அப்பா போனில் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

பெண்ணை அவன் நேரில் பார்த்தது, முந்தைய லீவில் ஒரே ஒரு தடவை. ஆனால் போன் கார்டு தேய்த்துத் தேய்த்துப் பேசியதில் அவள் சிரிப்பு அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது. அவளை இழக்க அவனுக்கு மனசில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்வதானால், அந்த மளிகைக்கடைக்காரனை நினைத்து அவன் ஒழுங்காகத் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது.

பொன்னுச்சாமிக்கு வேலை கத்தாரில். தடையாக இருந்தது ஒரு கையெழுத்து. விசா கொடுத்த முதலாளியைக் கஃபீல் என்பார்கள். அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் வேலைக்கு வந்தவர் யாரும் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. டிக்கெட்டும் பட்டுவேட்டியுமாகப் போய் நின்றாலும் ஏர்போர்ட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொன்னுச்சாமியின் கஃபீல் பாபா மர்சூக். வயது எழுபத்தைந்துக்கு மேல். கறுத்து மெலிந்த உடம்பு, வெள்ளை வெளேரென்ற அங்கி, கையில் ஒரு ஜெபமாலை. அவருக்குக் கார் ஓட்டுவதும், மாலையில் விருந்தாளிகளுக்குக் கஹ்வா என்கிற அரபிக் காப்பி ஊற்றுவதும் பொன்னுச்சாமியின் வேலை.

இப்படியொரு முதலாளி தோஹா முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார் என்பது ஊர் ஒத்துக்கொண்ட சங்கதி. கை நீட்டமாட்டார். கெட்ட வார்த்தை கிடையாது. சம்பளம் ஒன்றாம் தேதி டாண் என்று வந்துவிடும். தொழில்பேட்டை கேம்ப்பில் ஒரே ரூமில் மூட்டைபோல அட்டிபோட்டுப் படுக்கும் ஆட்கள், பொன்னுச்சாமிக்குத் தனி ரூமும் ஏசியும் என்று கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். பாபாவிடம் ஒரே ஒரு குறைதான். பொன்னுச்சாமியின் பாஸ்போர்ட்டைத் தன் இரும்பு அலமாரியில் தலைத்துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தார். லீவு கேட்டால், “புக்ரா” என்பார். நாளைக்கு என்று அர்த்தம். அந்த நாளை எந்த நாள் என்று அவர் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து மர்யம் என்ற பெண் கேமராக்காரனோடு வந்து சேர்ந்தாள். இந்த நாட்டில் ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்தவர்களில் உயிரோடு மிஞ்சியிருப்பவர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் நினைவுகளைப் படமெடுக்கிறாளாம். அப்போதுதான் பொன்னுச்சாமிக்கே விஷயம் தெரிந்தது. பாபா மர்சூக் ஓர் அடிமைக்குப் பிறந்த அடிமை. அவர் அம்மாவை ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து விற்றிருக்கிறார்கள். இந்த வீடும் காரும் விசா கொடுக்கும் உரிமையும் விடுதலைக்கு அப்புறம் குடிமகனாகி, எண்ணெய்க் கம்பெனியில் உழைத்துச் சேர்த்தவை.

வாரம் இரண்டு நாள் படப்பிடிப்பு. பாபா நடுக்கூடத்தில் மெத்தையில் சாய்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பொன்னுச்சாமி கஹ்வாக் குடுவையோடு பக்கத்திலேயே நிற்பான். இடது கையில் குடுவை, வலது கையில் காது இல்லாத சின்னக் கோப்பைகள். குடித்தவர் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுத்தால் போதும் என்று அர்த்தம். ஆட்டாமல் நீட்டினால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் அந்த ஊர் மரியாதை. பத்து வருஷத்தில் சமையலறை அரபி கற்றுக்கொண்டிருந்த பொன்னுச்சாமிக்குக் கதை முழுதும் புரிந்தது.

சின்னப் பையனாக முத்துக் குளிக்கப் போனதைச் சொன்னார் பாபா. படகுக்குச் சொந்தக்காரரான நாகுதாதான் அவருக்கும் சொந்தக்காரர். காலில் கல்லைக் கட்டிக் கடலுக்குள் இறங்க வேண்டும், மூச்சு முட்டினால் கயிற்றை ஆட்ட வேண்டும், மேலே இருப்பவன் மனசு வைத்தால் இழுப்பான். முத்தெல்லாம் நாகுதாவுக்கு. காது வலி மட்டும் பாபாவுக்கு. அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

விடுதலை வந்த நாளைப் பற்றி மர்யம் ஆசையாகக் கேட்டாள். பாபா சொன்ன பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. அரசாங்கம் அடிமைகளை விடுவித்தது, நஷ்டஈட்டை நாகுதாவுக்குக் கொடுத்தது. “எனக்குக் காகிதம் கொடுத்தாங்க. கடற்கரை வரைக்கும் நடந்து போனேன். யாரும் என்னைத் திரும்பக் கூப்பிடல. பசிச்சது. வீட்டுக்கு வந்தேன். நாகுதா ‘கஹ்வா’ன்னார். போட்டுக் கொடுத்தேன்.” அவ்வளவுதான். விடுதலை என்றால் கொஞ்சம் பிரமாதமாக இருக்க வேண்டாமா? மர்யம் அதே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் கஹ்வாதான் வந்தது.

பொன்னுச்சாமி தன் கஷ்டத்தைச் சொல்லி அழுவதற்கு ஓர் ஆள் வைத்திருந்தான். தொழில்பேட்டையில் டீக்கடை நடத்தும் கடையநல்லூர் முகம்மது சித்தீக். உலகத்தில் எல்லாவற்றுக்கும் அவரிடம் யோசனை உண்டு, அவருடைய சொந்தக் கடைக்கு மட்டும் கிடையாது. படப்பிடிப்பு விவரத்தைக் கேட்டுவிட்டு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பெரியவர் அழுவுறப்போ கேளுப்பா. கண்ணு காஞ்சிருச்சுன்னா கலாஸ், முடிஞ்சது.”

பொன்னுச்சாமி காத்திருந்தான். கிழவர் எப்போது அழுவார் என்று கையில் குடுவையோடு காத்திருப்பது அவனுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் காத்திருந்தான்.

அந்த நாளும் வந்தது. மர்யம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாள். பாபா ஜெபமாலையைக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டில் ஸல்மா என்று ஓர் அடிமைப் பெண் இருந்தாளாம். அவளை முடித்துக்கொள்ள நாகுதாவிடம் அனுமதி கேட்டாராம். “புக்ரான்னார். அடுத்த முத்துக் காலம் வந்தது. கேட்டேன். புக்ரான்னார். அவளை வேற ஊருக்குக் கொடுத்துட்டாங்க.” அதற்குமேல் பேச முடியாமல் தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார். மர்யம் அழுதாள். கேமராக்காரனும் மூக்கை உறிஞ்சினான். பொன்னுச்சாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடவுளே கிழவரின் வாயில் புகுந்து தனக்காகப் பேசிவிட்டதாக நினைத்தான்.

கொஞ்சம் தேறியதும் பாபா கோபமாகத் தொடர்ந்தார். “அடிச்சதைக்கூட மறந்துடுவேன். ஊரெல்லாம் நாகுதா என்ன சொல்லுவார் தெரியுமா? ‘மர்சூக் என் மகன் மாதிரி.’ மகனுங்க உக்காந்து சாப்பிட்டாங்க. நான் பின்னால கஹ்வாவோட நின்னேன்.”

அன்று மாலை மசூதிக்குக் காரில் போகும்போது பொன்னுச்சாமி கேட்டான். தையில் முகூர்த்தம், இது மூன்றாவது தேதி, விட்டால் பெண் கைவிட்டுப் போய்விடும் என்று தனக்குத் தெரிந்த அரபி, இந்தி எல்லாவற்றையும் கொட்டிக் கெஞ்சினான். பாபா அக்கறையாகக் கேட்டார். பெண் பெயர் என்ன, நிறம் என்ன, சமைப்பாளா என்று விசாரித்தார். ‘ஹராம், பாவம்’ என்று இரண்டு தடவை சொன்னார். கண்கூடக் கலங்கியது. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீ போயிட்டா என்னை யார் கூட்டிட்டுப் போவாங்க? படம் வரட்டும். அப்புறம் பார்ப்போம். நான் உனக்கு ஏதாவது குறை வச்சிருக்கேனா? நீ என் மகன் மாதிரி.”

பொன்னுச்சாமி சிக்னலைக் கவனிக்காமல் போய்விட்டான். அந்த அபராதம் அவன் சம்பளத்தில்தான் பிடிக்கப்படும். அவனுக்கு வந்த ஆத்திரத்தில் அதுகூட உறைக்கவில்லை. கிழவர் வேண்டுமென்றே சொல்லியிருந்தால் பரவாயில்லை. மனதார, அன்பாக, அவன் தோளைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

மார்கழிக் குளிரில் படம் வெளியானது. பல்கலைக்கழக மண்டபத்தில் பெரிய மனிதர்கள், அத்தர் வாசனை, ஆங்கிலத்தில் அடிமைத்தனத்தைக் கண்டிக்கும் வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கு ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் முழுக்க நேபாளத்துப் பையன்கள். பாபாவுக்கு முன்வரிசையில் சோபா. பொன்னுச்சாமி அவருடைய மாத்திரைப் பையும் கஹ்வாக் குடுவையுமாகச் சோபாவுக்குப் பின்னால் நின்றான். உட்கார நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்ல ஆள் இல்லை.

திரையில் பாபாவின் முகம் சுவர் அளவுக்கு வந்தது. ஸல்மா கதைக்கு மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. பிறகு அந்த இடம் வந்தது. “மகனுங்க உக்காந்து சாப்பிட்டாங்க. நான் பின்னால கஹ்வாவோட நின்னேன்” என்று திரையில் பாபா சொல்கிறார். அவருக்குப் பின்னால், படத்தின் மூலையில், கஹ்வாக் குடுவையைப் பிடித்துக்கொண்டு பொன்னுச்சாமி நிற்கிறான்.

கேமராக்காரன் வேலை தெரியாதவன் இல்லை. பின்னால் தொங்கிய காலண்டரைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் எடுத்தான். மர்யமும் அந்தப் படத்தை நூறு தடவை போட்டுப் பார்த்திருப்பாள். வேலைக்காரன் நிற்பது யார் கண்ணில் படும்? இப்போதும் படவில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பார்த்தது இரண்டு பேர்தான். பாபா கைதட்டலுக்கு நடுவில் மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தார். திரையில் இருந்ததைப் போலவே அதே குடுவையோடு பொன்னுச்சாமி நின்றுகொண்டிருந்தான். பொன்னுச்சாமி கண்ணை எடுக்கவில்லை. பத்து வருஷத்தில் முதல் தடவையாகக் கிழவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார்.

மறுநாள் காலை பாபா அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். வெளியேறும் அனுமதியில் கையெழுத்தும் போட்டிருந்தார். பொன்னுச்சாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காலில் விழுந்துவிடலாமா என்றுகூட யோசித்தான். நல்லவேளை, அதற்குள் பாபா போனில் மர்யமோடு பேசத் தொடங்கிவிட்டார். அந்த இடத்தை மட்டும் வியாழக்கிழமை மறுபடி எடுக்க வேண்டும், கூடத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள், டிரைவர் ஊருக்குப் போகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவனுக்கு விடுதலை கிடைத்த காரணம் அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

காரணம் எதுவானால் என்ன, கல்யாணம் நடந்தது. மளிகைக்கடை அத்தை மகன் பந்தியில் பாயசம் பரிமாறினான். விருந்தெல்லாம் முடிந்த ஒரு மத்தியானம், நாகஜோதி அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே முதலாளி எப்படி என்று கேட்டாள்.

“தங்கமான மனுசன். மகன் மாதிரி வச்சிருக்காரு” என்றான் பொன்னுச்சாமி. சொல்லிவிட்டு, கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான்.

“அப்ப ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுவீகளா?”

கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் ரசத்தை ஊற்றச் சொன்னான். அவளிடம் முதன்முதலில் மறைத்த விஷயம் அதுதான்.

லீவு முடிந்தது. கல்யாணக் கடன் இருந்தது. விசா பாபா பேரில் இருந்தது. வேறு எங்கேயும் வேலைக்குச் சேர முடியாது. ஆக அவனும் தோஹாவுக்குத் திரும்பி, அந்த வீட்டுக் கதவையே தட்டினான். பாபா கூடத்தில் தனியாக இருந்தார். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையை நீட்டினார். பொன்னுச்சாமி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான். பாபா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளவில்லை. குலுக்கி முடிந்த பிறகும் உள்ளங்கை நீட்டியபடியே இருந்தது. அவன் பாஸ்போர்ட்டை எடுத்து அதில் வைத்தான்.

பாபா அலமாரியைப் பூட்டிவிட்டு வந்தார். பிறகு என்ன தோன்றியதோ, மெத்தையைக் காட்டி உட்காரச் சொன்னார். பொன்னுச்சாமி உட்கார்ந்தான். பாபா தானே குடுவையை எடுத்தார். இடது கையில் குடுவை, வலது கையில் கோப்பை. அறுபது வருஷம் கழித்தும் அந்தக் கைக்கு எதுவும் மறக்கவில்லை. ஒரு துளி சிந்தாமல் ஊற்றிக் கொடுத்தார்.

பொன்னுச்சாமி குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினான். ஆட்டவில்லை. பாபா ஊற்றினார். குடித்தான், நீட்டினான். மறுபடி ஊற்றினார். அவன் மறந்துவிட்டானோ என்று பாபா தன் விரலை லேசாக ஆட்டி ஜாடை காட்டினார். பொன்னுச்சாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கிழவருக்குப் புரிந்துவிட்டது. உட்காரவில்லை. நின்றபடியே ஊற்றினார்.

பொன்னுச்சாமி கோப்பையை ஆட்டாமல் மறுபடியும் நீட்டினான்.