அலகின் மேல் ஒரு கோடு

வெர்ன் ஹால்வர்சன் எடுத்த லூன் என்னும் நீர்ப்பறவையின் படம் திரையில் வந்ததும், லூத்தரன் தேவாலயத்தின் அடித்தள அறையில் இருந்தவர்கள் எல்லோரும் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். மினசோட்டாவின் அந்த மூலையில் இதற்கு மேல் ஒரு கைதட்டல் கிடையாது. கழுத்தின் வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றும் சீப்பால் வாரியதுபோல் தனித்தனியாக நின்றன. சிவப்புக் கண் ஈரமாக மின்னியது. ஏரித் தண்ணீருக்கு யாரோ இஸ்திரி போட்டிருந்தார்கள். வெர்ன் கைகளைக் கட்டிக்கொண்டு, வீட்டிலேயே ஒத்திகை பார்த்துக் கொண்டுவந்திருந்த பணிவான முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஓய்வு பெறும்வரை அவர் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். எதன் மேல் எது கிடந்தாலும் தள்ளிவிட்டு அடியில் இருப்பதைப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. இப்போது தள்ளுவதற்குப் பனி இல்லை. படங்களில் இருக்கும் பொரிப்புள்ளிகளைத் தள்ளுகிறார். மங்கிய வெளிச்சத்தில் எடுத்தால் கேமரா படமெங்கும் பொரிந்து தள்ளிவிடும். நாய்ஸ் என்பார்கள். அதைத் துடைக்க ஒரு மென்பொருள், துடைத்ததில் மழுங்கிப்போனதைக் கூராக்க இன்னொன்று. ஒருமுறை மனைவி மார்லிஸின் பிறந்தநாள் படத்தையும் உள்ளே விட்டு எடுத்தார். "நல்லாத்தான் இருக்கா. யாரு இவ?" என்று கேட்டாள் மார்லிஸ்.

புகைப்படச் சங்கப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு ஒரு விதி இருந்தது. மெருகேற்றிய படத்துக்குப் பக்கத்திலேயே கேமராவிலிருந்து வந்த மூலப்படத்தையும் காட்ட வேண்டும். வேறெங்கோ இருந்த பறவையைக் கொண்டுவந்து யாரும் ஒட்டிவிடக் கூடாதல்லவா. சங்கத் தலைவி லோர்னா கெட்டுனென், சென்ற ஆண்டு ஓர் ஆந்தைப் படத்தை வைத்து வெர்னைத் தோற்கடித்தவள், மூலப்படத்தைத் திறந்தாள்.

"என்ன வெர்ன், உப்பைக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு?"

"சாயங்கால வெளிச்சம், லோர்னா. உன் ஆந்தை மாதிரி என் பறவை வெளக்குக் கம்பத்துல உக்காந்து போஸ் குடுக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். லோர்னாவும்தான். பிறகு அவள் சிரிப்பு நின்றது. "அலகு மேல அது என்ன கோடு?"

"நாய்ஸ்தான். முக்கால்வாசிய மென்பொருளே எடுத்துருச்சு. மிச்சத்த நானே தேச்சு எடுத்தேன்." அதிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

லோர்னா படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

"நாய்ஸ் முடிச்சு போடாது, வெர்ன்."

கண்ணாடி போன்ற மீன்பிடி நூல். அலகை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி, வாயோரமாக உள்ளே நுழைந்து, கழுத்துக்கு இறங்கி இறகுகளுக்குள் போயிருந்தது. பக்கத்துப் படத்தில் அதே அலகு பளிங்குபோல் இருந்தது.  வெர்னின் பணிவான முகம் எப்போது கழன்றதென்று தெரியவில்லை.

லூன் என்றால் தூரத்தில் துடுப்புச் சத்தம் கேட்டாலே முங்கிவிடும். படம் எடுத்த அன்று இது முங்கவில்லை. துடுப்பை நீட்டினால் தொடும் தூரம்வரை அவரை வரவிட்டது. அந்த மாலை முழுக்க அதனருகே படகை நிறுத்தி, தன் முழங்கால் வலியைப் பற்றிக்கூட அதனிடம் பேசினார். அதுவும் அசையாமல் கேட்டது. மறுநாள் ரொட்டிக்கடையில் வந்தவர் போனவரிடமெல்லாம், "அதுக்கு என்னைத் தெரியுது" என்றார். வாயைத் திறக்க முடியாமல், மீன் பிடிக்க முடியாமல், முங்கவும் தெம்பில்லாமல் கிடந்த ஒன்று. அதைத்தான் நட்பு என்று நினைத்துவிட்டார். அந்தக் கோட்டை அவர் பார்க்காமலும் இல்லை. பார்த்து, அசிங்கமாக இருக்கிறதென்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, இறகு ஒன்றுகூடக் கலையாமல் கவனமாகத் துடைத்திருந்தார்.

"எப்ப எடுத்த?" என்றாள் லோர்னா, மெதுவாக.

"ஞாயித்துக்கெழம."

அன்று வியாழன்; நான்கு நாள் ஆகியிருந்தது. வெர்ன் எழுந்ததில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. அதை நிமிர்த்தக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. மார்லிஸ் அதற்குள் கார் சாவியோடு படியில் நின்றாள்.

காரிலிருந்தே பறவைக் காப்பகத்துக்கு அழைத்தார்கள். "கெடச்சா அலகச் சுத்தியிருக்கிற நூல மட்டும் வெட்டுங்க. உள்ள போற நூல இழுக்காதீங்க, கொக்கி வயித்துல இருக்கலாம்" என்றாள் அங்கிருந்த பெண். "பாவம்னு திரும்பத் தண்ணியில விட்டுடாதீங்க. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ இங்க கொண்டு வாங்க. உயிரோட இருந்தா."

ஏரிக்குப் போனபோது அதைத் தேடிப் படகை இறக்க வேண்டியிருக்கவில்லை. நாணலோரம் மணலில் கிடந்தது. லூனுக்குத் தரையில் நடக்க வராது. முட்டையிட அல்லாமல் அது கரையேறினால், இனி நீந்த முடியாது என்று பொருள். வெர்ன் மேல்சட்டையைக் கழற்றி அதன் தலையை மூடி, வாரி எடுத்தார். அது குத்தவில்லை, உதறவில்லை. அந்த அமைதியை இப்போது அவரால் தாங்க முடியவில்லை.

"வெறும் எலும்பு, மார்லிஸ். வெறும் எலும்புதான் இருக்கு."

"ஆட்டாம பிடி." அவள் கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்துச் சுற்றுகளை ஒவ்வொன்றாக நறுக்கினாள். நூல் இருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அலகு உடனே திறக்கவில்லை. எப்படித் திறப்பதென்று மறந்துவிட்டதுபோல் இருந்தது. பிறகு ஒரு விரல்கடை திறந்து, அப்படியே நின்றது.

மார்லிஸ் காரை எடுத்தாள். வெர்ன் பக்கத்து இருக்கையில், மடியில் பறவையோடு.

"ஏதாவது ஜோக் சொல்லேன், வெர்ன். நீ பேசாம இருந்தா எனக்கு பயமா இருக்கு."

அவர் மேல்சட்டையின் ஓரத்தைப் பறவையின் மேல் இழுத்துவிட்டார். 

சாலை ஏரியை ஒட்டியே வளைந்து போகிறது. முதல் வளைவில் அந்தக் குரல் கேட்டது. நீளமாக, மேலே ஏறி, உடைந்து இறங்கும் குரல். கரையோரம் இன்னொரு லூன், இதன் இணைதான், ஒரு குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு, கார் போகும் பக்கமாகவே நீந்தி வந்தது. மறுபடி கூப்பிட்டது.

"போ, மார்லிஸ்."

"போய்ட்டுதான் இருக்கேன்" என்றாள். ஆனால் ஆக்சிலரேட்டர் மேல் அவள் கால் எப்போதோ தளர்ந்திருந்தது. கார் நடக்கிற வேகத்தில் உருண்டது. மேல்சட்டையின் மடிப்பு அசைந்தது. கலைந்து, சேறு அப்பி, கோடுகள் ஒன்றோடொன்று குழம்பிய ஒரு தலை வெளியே வந்து, திறந்திருந்த ஜன்னல் பக்கம் மெதுவாகத் திரும்பியது. வெர்னின் உள்ளங்கைக்கு அடியில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.